எண்பத்தெட்டாம் பக்கம்

நாலாம் பருவம், இரண்டாம் தாள், புதினம்.
வகுப்பில் இருபத்தாறு பேர்,
நூலகத்தில் மூன்று பிரதி.
ஆளுக்கு ஐந்து நாள் என்று முறை வைத்தோம்
தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைப்பதுபோல.

கதையைச் சொல்ல வேண்டாம்,
உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள் என்றார் விரிவுரையாளர்.
மணப்பாறைக்காரர். மணிக்கணக்கில் சம்பளம்.
ராமநாதபுரத்து மதியம், கரண்ட் இல்லை.
முதலில் எழுந்தது பாம்பன் ஜெரோன்தான்.
ஐயா, நடப்பது ஆனி மாசம், கச்சான் காற்று.
இவன் கிழக்கேயிருந்து பாய் விரித்து
ரெண்டே மணி நேரத்தில் கரை பிடிக்கிறான்.
எழுதினவர் வள்ளத்தில் கால் வைத்ததே இல்லை.

அது குறியீடுப்பா என்றார் அவர்.
எது ஐயா, காற்றா?

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கீழக்கரை மஃரூபா, அழுதேன் என்றாள்.
நாயகி சாகும் இடத்திலா?
இல்லை, அதற்கு ரொம்ப முன்னால்.
சபர் போன மாப்பிள்ளையின் கடிதத்தைப்
பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் வைக்கிறாளே, அங்கே.
எங்கள் வீட்டில் அது சீனி டின்.
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.
துப்பட்டா நுனியை மடித்து மடித்துச்
சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள் மணி அடிக்கும்வரை.

பாசி எடுக்கப் போகாத நாளில் மட்டும் வகுப்புக்கு வரும்
சின்னப்பாலம் காளீஸ்வரி
விரலில் சுற்றிய துணியோடு எழுந்து கேட்டாள்:
மூணு வருஷம் கடலைப் பார்த்துக் கரையிலேயே நின்னாளாம்,
சரி.
வீட்டுக்குத் தண்ணி யார் பிடிச்சது?

இதைக் குறியீடு என்று அவர் சொல்லவில்லை.
திரும்பிக் கரும்பலகையில் எழுதினார்
கேள்விக்குறியோடு.

என் முறை வந்தது.
நடை நன்றாக இருந்தது ஐயா, என்றேன்.

பொய்யில்லை. ஆனால் எனக்குப் பட்டது வேறு.
எண்பத்தெட்டாம் பக்கத்தில்
வெயிலில் விழுந்து கிடக்கும் நாயகனுக்கு
உப்புக்காரி ஒருத்தி தண்ணீர் கொடுக்கிறாள்.
மூன்று வரி. பேர் கிடையாது.
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள்.

நான் வாலிநோக்கம். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை.
எங்கள் ஆள் ஒருத்தி கதைக்குள் வந்துவிட்டாள் என்று
நிமிர்ந்து உட்கார்ந்து படித்தேன் அதன் பிறகு.
நூற்று நாற்பதில் கல்யாணம், பந்தியில் தேடினேன்.
புயல் அத்தியாயத்தில் எல்லாரும் கோயிலுக்குள் ஒதுங்குகிறார்கள்,
பேர் பேராக எழுதியிருக்கிறார், ஆடு உட்பட.
அவள் இல்லை.
சாவு வீட்டில் நிச்சயம் வருவாள் என்று நினைத்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் கதை முடிந்துவிட்டது.
நாயகி செத்ததுகூட எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

திரும்பவும் முதலிலிருந்து புரட்டினேன்.
வெடித்த குதிகாலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா
புத்தகத்துக்குள்ள யாரடி தேடுற என்றாள்.
சொன்னேன்.
மழை பேஞ்சு பாத்தி கரைஞ்சிருக்கும்,
வேற வேலைக்குப் போயிருப்பா,
விளக்கை அணை.

ஐந்து நாள் பதினாறு நாள் ஆயிற்று.
தாமதக் கட்டணம் பதினோரு ரூபாய்.
அடுத்த முறைக்காரன் பாலமுனியன்
நூலக வாசலில் கையை நீட்டியபடி நின்றான்.
ஒரு நிமிஷம் என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
கடைசியாக ஒருதரம் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது,
ஓரத்தில் பென்சில், பாதி அழிந்து:

இவள் பிறகு வரவே இல்லையா?

யார் எழுத்தோ. எந்த வருஷமோ.
பின்னட்டைச் சீட்டில் தேதி முத்திரைகள்
ஒன்றன்மேல் ஒன்றாக ஊதா மையில் கலங்கிக் கிடந்தன.
பாலமுனியனிடமே பென்சில் வாங்கினேன்.
அதன் கீழே சின்னதாக எழுதினேன்:

இல்லை. கடைசிவரை பார்த்துவிட்டேன்.
உங்களுக்கு எந்த ஊர்?