என் முன் தோன்றி

கியூர்பிப்பில் அன்றும் மழை.
"என் முன் தோன்றி, படிக்கக் கேட்டு, சம்மதித்து"
என்று தட்டச்சு செய்தவள் நான்.
தோன்ற வேண்டிய செல்லாமே மூத்தூசாமி
காந்தோஸ் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் கட்டிலில்,
மூக்கில் குழாயோடு.
மருமகன் கொண்டுவந்த கைரேகை மட்டும்
தாளில் வந்து உட்கார்ந்திருந்தது.
"சாமிகூட இப்படித்தான் தோன்றும், ஆள் வராமல்"
என்று நோட்டரி வேலாய்டன் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை.

முக்கால் ஆர்பான் கரும்பு நிலம்.
அவள் பிழைத்துத் திரும்பியபோது
வேலியில் வேறொருவன் பூட்டு.

சட்டத்துக்கு அளவு தெரிந்திருக்கிறது:
இரண்டு வருடம் பத்திரம் எழுதக் கூடாது,
அபராதம்,
மூலப்பத்திரங்கள் எல்லாம் எதிர்த்தெரு நோட்டரியிடம்.
நாற்பத்தொரு பெட்டி. எண்ணிக்
கையெழுத்துப் போட்டவளும் நான்.
தட்டச்சு செய்த விரலுக்கென்று
எந்தப் பிரிவிலும் ஒரு வரி இல்லை.
தேடிப் பார்த்தேன்.

முத்திரையை ஒப்படைக்கும் முன்
வெறுந்தாளில் ஒருமுறை அழுத்தினார்.
மையில்லாத அழுத்தம்,
ஜன்னல் பக்கம் சாய்த்தால்தான் தெரியும்.
அந்தத் தாள் என் கைப்பையில் இருக்கிறது.
மழை விட்டபாடில்லை,
வெளிச்சம் போதவில்லை.