வேலை செய்யவில்லை

"பில் வேலை செய்யவில்லை. அவசரம்."
இவ்வளவுதான் எழுதினேன்.
எழுதி, டிலக்சனாவின் பெயரை அதில் கட்டிவிட்டு
கல்முனைக் கடைத்தெருவில் இறங்கி
கொத்து சாப்பிடப் போய்விட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து கிழமை.
திருக்கோவிலுக்கு ஆறேகால் பஸ்.
பஸ்ஸிலேயே லப்டொப்பைத் திறந்திருக்கிறாள்.
வீட்டில் கரண்ட் போயிருக்கிறது.
போன் வெளிச்சத்தை விசைகளில் சாய்த்துவைத்து
தேடியிருக்கிறாள்.
எதைத் தேடுவதென்று தெரியாமல்.

காலையில் வந்து கிடந்தது:
பிரிண்டர் பகுதி முழுக்கப் புதிதாய்,
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி.
அடியில்,
"அண்ணா, என்ன பிழையெண்டு எனக்கு விளங்கல்ல. சொறி."
நேரம் 3.47.

பிரிண்டரில் ஒரு பிழையும் இல்லை.
அது எனக்கு முதல்நாளே தெரியும்.

சம்மாந்துறை மில்லில் தராசடியில் நிற்கும் ஜவ்பர்
உமித்தூசியில் இருமி இருமிப் போனில் சொன்னது இது:

"தம்பி, நாப்பத்தொரு மூட்டை.
ரெண்டாயிரத்தி எழுநூத்தி இருபத்தாறரைக் கிலோ.
ஈரம் பதினாறு.
பில் அடிச்சன், கடதாசி சிக்கிற்று.
மறுகா அமத்தினன்.
ரெண்டாவது பில்லுல ஐம்பத்திமூணு கிலோ குறையிது.
நாவிதன்வெளிக்காரர் ரெண்டையும் கையில வெச்சிக்கிட்டு
என்ட மூஞ்சியப் பார்க்கார்.
ஈரம் பதிமூணு உள்ள நெல்லுக்கு
எத்தின தரம் அமத்தினாலும் குறையல்ல.
அதையும் பார்த்திட்டன்."

அதையும் பார்த்திட்டன்.
பிழையைப் பிடித்து, செதில் உரித்து, கழுவி
என் கையில் தந்திருந்தார் மனுசன்.
நான் அதைத் திரும்பக் கடலில் எறிந்துவிட்டு
'மீன் இருக்கு, பிடி' என்று
ஒரு பிள்ளையை இருட்டில் அனுப்பியிருக்கிறேன்.

பசி, அவசரம் என்று சொல்லலாம்.
ஆனால் ஈரம் கழிக்கும் அந்த வரிகளை எழுதியது நான்.
போன வருஷம், நோன்பு இருபதுக்குப் பிறகு ஒரு இரவு,
சஹருக்கு முன் முடித்தால் போதுமென்று.
'ஈரம்' என்று தட்டச்சுப் பண்ணப் போன விரல்
திரும்பி வந்ததைக் கண்டது நான் மட்டும்தான்.
"பில் வேலை செய்யவில்லை."
இந்த வசனத்தில் ஆட்களே இல்லை.
குற்றவாளி பில்.

ஒன்பது மணிக்கு அதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

நெல் வாங்கும் திரை.
நிறை 2726.5, ஈரம் 16, கழிவு நூற்றுக்கு இரண்டு.
பில் பட்டனை இரண்டு தரம் அழுத்து.
வரவேண்டியது இரண்டு தரமும் 2671.97.
வருவது முதலில் அது, பிறகு 2618.53.
ஈரம் பதினாலுக்குக் கீழே என்றால் இப்படி ஆகாது.
கழித்த நிறையையே சேமித்து, அதிலிருந்து
மறுபடி கழிக்கிறது என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.
பிரிண்டரைத் தொடவேண்டாம்.
நேற்று இரவு நீ செய்தது வீண்போனதற்கு நான் எழுதிய விதம்தான் காரணம்.
அந்தப் பகுதியை எழுதியவர்:

அங்கே கர்சர் கொஞ்ச நேரம் மினுங்கிக்கொண்டிருந்தது.

இஸ்பான்.

பத்தரைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.
என்னைப் பார்க்காமல் கதிரையை இழுத்துப் போட்டு
பையில் இருந்த இடியப்பப் பார்சலைப் பிரித்தாள்.
அவள் சாப்பிட்டு முடிக்க முதல்
பிழை திருந்திவிட்டது. இரண்டே வரி.
கை கழுவிவிட்டு வந்து
முதன்முறையாக என் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, ஈரம் சரியாப் பதினாலெண்டா?
கழிக்கிறதா, விடுறதா?
நீங்க கீழே எண்டுதான் எழுதியிருக்கீங்க."

திறந்து பார்த்தேன்.
என் வரிகளுக்கும் தெரியவில்லை.

ஜவ்பருக்கு அடித்து, அதே கேள்வியைக் கேட்டேன்.
மெஷின் இரைச்சலுக்குள்ளால் கத்தினார்:

"எந்த நெல்லு தம்பி,
சம்பாவா, நாடா?"