பதினாறு பக்கம்

கொழும்பு பஸ் கொண்டுவந்த பெட்டியை
விடியற்காலை ஐந்தரைக்குக்
கல்முனை பஸ் நிலையத்தில் இறக்கினேன்.
மட்டை முழுக்கப் பெரிய வெங்காய வாசம்,
பக்கத்து மூட்டையின் புண்ணியம்.

இரண்டு நாவல், இருபது இருபது பிரதி.
பதிப்பாளர் ஒருவர், அச்சகமும் ஒன்று.

புதுப் புத்தகத்தை ஆட்களுக்குக் காட்டுவது
மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டுவது போல.
சிவப்புத் தெரிந்தால் போதும்,
குடலை யாரும் காட்டுவதில்லை.
சவர்க்காரப் பெட்டியை வெட்டி
நீல மையால் எழுதினேன்.

முதல் மட்டை:
"ஏறும்போது நாற்பத்திரண்டு பேர்.
மகாஓயாவில் தேநீருக்கு இறங்கும்போது நாற்பத்துமூன்று.
இடையில் பஸ் எங்கேயும் நிற்கவில்லை.
தனியே வாசிக்கலாம். பஸ்ஸில் வேண்டாம்."

இரண்டாவதற்கு நேரம் எடுத்தது.
ஒல்லாந்தர் காலம், மட்டக்களப்புக் கோட்டை,
தோம்பு எழுதும் கந்தோரில் ஒரு துபாசி.
சம்மாந்துறைப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து
தன் வயலுக்காக வழக்குச் சொல்கிறாள் ஒருத்தி.
அவள் பேச்சை மாற்றிச் சொல்லும்போது
ஒரு சொல்லை வேண்டுமென்றே பிழைக்க விடுகிறான்,
அவள் திரும்பவும் வரட்டும் என்று.
அந்தச் சொல்லின் விலை நாலு அவண வயல்.
எழுதினேன்:
"காதலிப்பவர்களும் காணி வைத்திருப்பவர்களும் வாங்கவும்."

பதிப்பாளர் போனில் சொன்னார்:
"பாடுமீன் எண்டு ஒரு வரி போடுங்க, விக்கும்."
நாவலில் மீன் வருகிறதுதான், ஓர் இடத்தில்,
சொதியில்.
நான் போடவில்லை.

முதல் பஸ் நாவலைக் கடனுக்கு எடுத்தவர்
தாதி ஜெஸீமா, இரவு வேலைக்குப் போகும் வழியில்.
இரண்டே காலுக்கு அழைப்பு.
"என்ன புத்தகம் புள்ள தந்த?
கொண்டக்டர் கையை நீட்டி 'இவன்தான்' எண்டுறான்,
பக்கத்தைப் புரட்டினா
ஒரு பொம்புள வள்ளத்தில நிண்டு அழுறா!
மறுகா பதினாறு பக்கமும் மழை.
ஆர்ர வள்ளம் இது?
பஸ் எங்க?"

விடியக் கடையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
அச்சகத்தில் மடித்த தாள் மாறியிருக்கிறது:
இருநூற்று நாற்பத்தொன்று முதல்
இருநூற்று ஐம்பத்தாறு வரை.
எல்லாப் பிரதியிலும் கொலைகாரனுக்குப் பதில் அவள்.

திருப்பி அனுப்பினால் கூலி என் தலையில்.
வைத்துக்கொண்டால் ஏச்சு.
ஒன்பது மணிக்குள் மட்டையைத் திருத்தினேன்:
"இந்தப் பதிப்பில் குற்றவாளி பிடிபடுவதில்லை.
கடைசி நேரத்தில்
ஒல்லாந்தர் காலத்துக்குத் தப்பிவிடுகிறான்."

மத்தியானத்துக்குள் பதினொன்று போனது.

வங்கிக் காவலாளி தவேந்திரராசா
கதவடியில் நின்றபடியே வாசித்து முடித்தார்,
இரண்டையும், மூன்றே நாளில்.
"துபாசிதான் நாற்பத்துமூன்றாவது ஆள்" என்றார்,
கோட்டில் சாட்சி சொல்பவர் போல.
"அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான்
கொழும்புக்குப் போறான்.
முன்னூறு வருசம் பிந்திட்டான், அவ்வளவுதான்."
அப்படியென்றால் கொலை?
"அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மட்டை எழுதுகிறவள் வாயை மூடும் இடம் அது.

நித்திரை இல்லாத கண்ணோடு ஜெஸீமா வந்தார்.
கடனைத் தீர்த்தார்.
மற்ற நாவலையும் கையில் எடுத்தார்.
"பொம்புள இதுக்குள்ள வந்தா
கொலைகாரன் அதுக்குள்ளதானே புள்ள இருக்கணும்?"

நியாயம்தான்.
காதல் நாவலில் நான் இருநூறு பக்கம்தான் தாண்டியிருந்தேன்;
மிச்சத்தை ஊகித்து மட்டை எழுதியவள்.
அவர் கடைசிப் பக்கங்களைப் பிரிக்கப் போனார்.
"இங்க வேணாம்" என்று
அட்டை மேல் கையை வைத்து அழுத்தினேன்.

அக்கரைப்பற்று பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார்.
பஸ் இரையத் தொடங்கியபோது
பக்கம் புரட்டுவது தெரிந்தது.
பிறகு நிமிர்ந்து,
என்னைப் பார்க்காமல்,
உள்ளே இருந்தவர்களை
ஒவ்வொருவராக
எண்ணத் தொடங்கினார்.