மாடிப்படி பல்பு

இருபத்துநாலு கட்டில், ஆறு கெய்சர்,
ஐந்து ஏசி, ஒரு மாவு கிரைண்டர்:
லோடு கணக்கை எழுதிக் கொடுத்தபோது
தமீம் ஒன்றும் சொல்லவில்லை.
மெயின் போர்டைத் திறந்து காட்டினார்.
பீங்கான் ஃபியூஸ் மூன்று. ஒன்றில்
கம்பிக்குப் பதில் சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாள்.
"இத்தினி வருஷம் இந்த வூடு எரியாம இருந்திச்சே,
அத்த சொல்லுங்க மேடம்."

சூளையில் ஏகாம்பரம் வீட்டை
ஒன்பது வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன்.
வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி.
சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தாமோதரன்.
முதலில் ஒரே வீடுதான்.
கூடத்தின் நடுவில் செங்கல் வைத்துப் பிரித்தார்கள்.
பாகப் பத்திர நகல் என் ஃபைலில் இருக்கிறது:
தென்னை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று,
சந்து மூன்றடி நாலங்குலம்.
கரண்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

தேக்குக் கட்டையின் மூடியை நெம்பினால்
உள்ளே துணி சுற்றிய ஒயர்.
விரல் பட்ட இடத்தில் ரப்பர்
போன வருஷத்து வடகமாய் உதிர்ந்தது.
எர்த் கிடையவே கிடையாது.
பாத்ரூம் சுவிட்ச் லேசா இழுக்கும்,
செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது
என்றார் ஏகாம்பரத்தின் மகன்,
வீட்டு நாயைப் பற்றிச் சொல்வதுபோல.
ஈரத் தலையோடு
ஷிஃப்டுக்கு ஓடப்போகிற பெண்களை நினைத்தேன்.
மொத்தமும் பிடுங்குங்க என்றேன்.

பதினேழு நாள் சுவர் வெட்டினார்கள்.
என் டிபன் பாக்ஸில்கூடச் சுண்ணாம்பு.
கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி.
புதுப் பெட்டி, புது ஆர்சிசிபி.
பின்னறைப் பரண் லைன் ஒன்றுதான் பாக்கி,
அதை அப்படியே சேர்த்துவிட்டு
மெயினை ஏற்றினார் தமீம்.
பகலெல்லாம் நின்றது.
ஆறே முக்காலுக்கு, டப்.
ஏற்றினார். டப்.
மறுநாளும் அதே ஆறே முக்கால்.

"போன கரண்டும் வந்த கரண்டும் டேலி ஆவணும் மேடம்.
மயிரிழை கொறஞ்சாலும் இது வுழுந்துரும்.
நம்ம கிட்டேர்ந்து போறது
வேற எங்கியோ திரும்புது."

கேட்டுக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் தாமோதரன்.
கேட்டைத் திறந்தும் உள்ளே வரவில்லை.
"மாடிப்படி லைட்டு போட்டா
உடனே அணைஞ்சிடுதும்மா. ரெண்டு நாளா."

ஃபேஸ் அண்ணனுடையது. நியூட்ரல் தம்பியுடையது.
சுவர் எழும்பிய பிறகும் முப்பத்தொரு வருடம்
கரண்ட் இந்த வீட்டில் கிளம்பி
அந்தப் பல்பு வழியாக
அந்த வீட்டில் திரும்பியிருக்கிறது.
ஓடியது அண்ணன் மீட்டர்.
"எங்களுக்குத் தெரியாது" என்றார்.
அப்புறம், "அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

தமீம் பரணிலிருந்து ஜாயின்ட்டை இழுத்துக் காட்டினார்.
சுற்றியிருந்தது சிவப்பு டேப்,
இன்னும் பளபளப்பாக, பிசுக்குப் போகாமல்.
"ஒயருக்கு அறுவது வயசு சார்.
டேப்புக்கு அஞ்சு இருந்தா ஜாஸ்தி."

ஏகாம்பரம் போய் மூன்று வருடம் ஆகிறது.
தாமோதரன் உள்ளே வந்திருந்தார்.
எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.
டேப்பின் முனையை நகத்தால் நிமிண்டினார்,
மறுபடி ஒட்டவைத்தார்.

"வெட்டட்டுங்களா?"
தமீம் அவரைத்தான் கேட்டார், என்னையல்ல.
"வெட்டித்தானே ஆகணும்."
கட்டிங் பிளேயர் ஒரு தடவைதான் சத்தம் போட்டது.

பில்லில் கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
அடுத்த வீட்டு மாடிப்படி, ஒரு பாயிண்ட்.
அவர் மீட்டர், அவர் ஃபேஸ், அவர் நியூட்ரல்.
அறுநூற்றைம்பது ரூபாயைக் கவரில் போட்டு
மறுநாளே கொடுத்தனுப்பிவிட்டார்.

இப்போது டேலி ஆகிறது.
ஆறே முக்காலுக்கு எதுவும் விழுவதில்லை.
நான்தான் அந்த நேரத்துக்கு ஒருமுறை
பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன்.