நகம் சிக்கினால்

இரண்டாயிரம் டொலர் குறைவென்று
கறுப்புக் கார் வாங்கியவள் நான்.
டன்டினாங்கில் ஒக்டோபர் வெயில் ஏறியதும்
பொனட் முழுக்கச் சிலந்திவலை.
முன்னிருந்தவன் தானியங்கித் தூரிகைக்குள்
விட்டுவிட்டுக் கழுவிய ஏழு வருஷம்.

கடையில் மூன்றைத் தூக்கிப் பார்த்தேன்.
எட்டு மில்லிமீற்றர் வீச்சு: செல்லமாய் முனகும்,
வேலை நகராது.
இருபத்தொன்று அகன்ற பொனட்டுக்கு ராசா,
கதவு வளைவில் திக்குமுக்காடும்.
பதினைந்து நடுவில். விலை மட்டும் நடுவில் இல்லை.
எண்பத்தொன்பது டொலர்க்காரனைக்
கடைப்பெடியன் ஓடவிட்டுக் கையில் தந்தான்.
முழங்கை கூசியது, பல்லும் கிட்டியது.

என் மணிக்கட்டுக்கு ஏற்கெனவே ஒரு முதலாளி உண்டு.
இரவு பத்திலிருந்து ஆறுவரை
கோழித்துண்டு பொதி செய்யும் தொழிற்சாலை.
மிச்ச நடுக்கத்தை வீட்டுக்கும் கட்டித் தருவார்கள்;
தேத்தண்ணிக் கோப்பை சாட்சி.
ஆகவே தெரிவு செய்தது கண் அல்ல, கைதான்.

"ஒற்றைச் சுழலி எடுங்கோ மச்சாள்,
டக்கெண்டு முடியும்" என்றான் செந்தூரன்.
டக்கென்று பெயின்ற்றும் முடியும்.
ஒரே அச்சில் நின்று சுற்றும் எதுவும்
சூடேறி எரிக்கும்.
இது வேறு சாதி.
கரம் டவுன்ஸ் கோயிலில் பிரதட்டை அடிப்பவர்போல்
தானும் உருளும், வீதியையும் வரும்.

கடைசியில் நாரே வாரனில், ஒரு கராஜில்,
பாவித்த பதினைந்து. நூற்றறுபது.
விற்பவர் பெயர் ருவான்.
"எந்த ஊர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.
"டன்டினாங்" என்றேன்.
"நான் இங்கேயேதான், நாரே வாரன்" என்றார்.
இருவருமே பொய் சொல்லவில்லை.

மார்க்கர் பேனா கேட்டு வாங்கி
தட்டின் விளிம்பில் ஒரு கோடு போட்டேன்.
சுற்றினால் கோடு காணாமல் போகும்.
போனது.
அழுத்தினேன்.
மெல்ல மெல்லக் கோடு திரும்பி வந்தது,
வந்து நின்றது.
உறுமல் மட்டும் குறையவில்லை.
"பலம் போட்டால் இது நின்றுவிடும்" என்றார்.
பிறகு எதையோ யோசித்தவர்போல்
பத்து டொலர் குறைத்தார்.
பாதிப் போத்தல் கொம்பவுண்டும்
இரண்டு மஞ்சள் பஞ்சும் சும்மா.
வாசலில், தமிழில், "கவனம்" என்றார்.
எனக்கு "ஸ்தூதி" தொண்டைவரை வந்து
"தாங்ஸ்" என்று வெளியே விழுந்தது.

ஞாயிறு.
கதவின் நடுவே நீல ரேப் ஒட்டிப் பிரித்தேன்.
பஞ்சில் பயறளவு நாலு பொட்டு,
விநாடிக்கு ஒரு அங்குலம், அதற்கு மேல் ஓட்டமில்லை.
கீறலை இது நிரப்புவதில்லை.
சுற்றிவர உள்ள நல்ல இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக்
கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது.
மேலே இருக்கும் கண்ணாடிப் படலமோ
ஒரு தலைமயிர் மொத்தம்கூட இல்லை.
இத்தனை தரம்தான் என்று
எங்கேயும் எழுதியிருக்காது.

ரேப்பை உரித்தேன்.
இடப்பக்கம் பழைய கார்.
வலப்பக்கம் எதிர்வீட்டு யூக்கலிப்ரஸ் கிளைகிளையாக,
மக்பை ஒன்று,
நடுவில் வியர்த்த என் மூக்கு.

பயணி பக்கக் கதவில், பிடிக்குக் கீழே,
ஒன்று மட்டும் போகவில்லை.
நகத்தால் தடவினேன். சிக்கியது.
சிக்கினால் விட்டுவிட வேண்டும்,
துரத்தினால் அடிப்பூச்சு வந்துவிடும்.
மூன்று அங்குலம்.
யாருடைய திறப்போ, யாருடைய கோபமோ.
அதன்மேலும் மெழுகு பூசினேன்,
நேராக ஒருதரம், குறுக்காக ஒருதரம்,
மற்ற இடத்துக்குப் போலவே.

அன்றிரவு வேலைக்குப் போனபோது
கார் தரிப்பிடத்தின் இருட்டு மூலை காலியாக இருந்தது.
நான் விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே விட்டேன்.