மறு ஆய்வு: லாட் முப்பத்தொன்று

காலை ஏழு பத்துக்கு
மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், இன்னும் பெயர்ப்பலகை நடாத தெருவில்
என்னை யாருக்கும் பிடிக்காமல் போகிறது.
கவுன்சில் முத்திரை போட்ட வெள்ளைக் காரைக் கண்டதும்
ரேடியோச் சத்தம் இறங்கும்.
ஒருவன் அவசரமாகத் தலைக்கவசம் தேடுவான்.
அது என் துறையே இல்லை.

என் துறை தரைமட்டம்:
லாரி ஏறி உடைந்த நடைபாதை,
மழைநீர் வடிகாலின் வாயில் களிமண்,
மூடாத குப்பைத்தொட்டி,
பொதுப் புல்லில் நிறுத்திய கழிப்பறை,
இல்லாத வேலி.

கான்கிரீட் போடும் மிலோராத் சொல்வான்:
"சேற்றை மழை கொண்டுவந்தது, லினெட்.
மழைக்கு எழுது சீட்டை."
மழையிடம் பெர்மிட் இல்லை மிலோராத்,
உன்னிடம் இருக்கிறது.
சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்.
நான் திரும்பியதும் அவன் முணுமுணுப்பது விளங்கும் அளவுக்கு
பதினோரு வருடத்தில் செர்பிய மொழி வந்துவிட்டது.

லாட் முப்பத்தொன்றில் ரேடியோ இல்லை.
கட்டியவர்கள் திவாலாகி ஏழு மாதம்.
வேலியை வாடகைக்கு விட்டவர்கள்
கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
மரச்சட்டங்கள் வெயிலில் நரைத்து நிற்க
சுவராக வேண்டிய ஃபோம் பலகைகள்
மணிமணியாய் உதிர்ந்து
காற்றோடு வாத்துக் குளம் வரைக்கும்.

உள்ளே மடக்கு நாற்காலியில் ஒரு பெண்.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்த சீருடை,
சட்டையில் ரோவேனா என்ற பட்டை.
"இது சமையலறை" என்றாள், எழுந்திருக்காமல்.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது:
கட்டுபவர் இல்லையென்றால் நிலத்துக்கு உரியவர்.
அவளுக்குப் புரியட்டுமென்று மெதுவாக வாசித்தேன்.
மெதுவாக வாசித்தபோது
இன்னும் கேவலமாகக் கேட்டது.

டிக்கியிலிருந்து ஆரஞ்சு வலையும்
கேபிள் டைகளும் எடுத்து
முன்பக்கத்தை நானே கட்டினேன்.
ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.
வலை பன்னிரண்டு மீட்டர்.
மனையின் முகப்பு பதினான்கு.

அந்த இரண்டு மீட்டரைப் பார்த்தபடி
வெகுநேரம் காரில் உட்கார்ந்திருந்தேன்.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
ஐந்து மணிக்குள் ஒன்றைத் தொட்டாக வேண்டும்.
தொட்டேன்.

இரவு சாக்ஸைக் கழற்றும்போது
மூன்று வெள்ளை மணிகள் உருண்டன.
குனிந்து இரண்டைப் பொறுக்கினேன்.
இன்னொன்று, விரலுக்குப் பயந்ததுபோல,
கட்டிலுக்கடியில்
போய்க்கொண்டே இருந்தது.