நழுவும் டிரம்

அறுபத்து நாலில் செய்தது. என்னைவிட ஏழு வயது மூத்தது.
மேலே சுற்றிய மினுமினுப்பு ஒருகாலத்தில் வெள்ளி,
இப்போது வெகுநேரம் கொதித்த தேநீரின் நிறம்.
பெரிய டாமின் விளிம்பில்
யாரோ சிகரெட்டை வைத்து மறந்த தழும்பு.
அடகுக்கடையில் வாங்கியபோது
பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணை இருந்தது,
உறையில் ஏதோ ஓட்டலின் முத்திரை.
எடுக்கவில்லை. அதுவும் சேர்ந்துதான் அந்தச் சத்தம்.

சிம்பல்கள் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.
ரைடு துருக்கியில் அடித்தது;
விரிசல் ஓடிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள்,
ஒரு கடி கடித்து வைத்த அப்பளம்.
கிராஷ், பள்ளிக்கூட பேண்டைக் கலைத்தபோது
ஏலத்தில் பன்னிரண்டு டாலர்.
ஹை-ஹாட்டின் மேல்தட்டும் கீழ்த்தட்டும்
பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லாத ஜோடி.
சேரும்போது ‘ச்சிக்’ என்று வராது,
‘ச்சுக்’ என்று வரும்,
ஈரச் செருப்பைக் கழற்றுவது போல.
முறையாகப் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.
சுளிக்கட்டும். ஷஃபிள் என்றால் கொஞ்சம் நொண்ட வேண்டும்.

பியோரியாவில் பிப்ரவரி.
பகல் முழுக்க நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன்.
இரவு ஒன்பதுக்கு ஆற்றங்கரை பாரில்
குச்சியைப் பிடித்தபோதும்
ஸ்டீயரிங்கின் நடுக்கம் மணிக்கட்டில் இருந்தது.
டெல்மர் கிரிக்ஸ்பி என்னோடு பேசி மூன்று வாரம்.
நாற்பது டாலர் பெட்ரோல் காசு.
அடுத்த பாட்டை அவன் பியானோ வாண்டாவிடம் சொல்வான்,
வாண்டா என்னிடம் சொல்வாள்.
நடுவில் நிற்கும் க்ளீட்டஸ்
தன் பேஸ் கிடாரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது சுற்றில், மெதுவான ப்ளூஸ், ஜி-யில்.
எல்லார் பூட்ஸிலும் வந்த பனி
மேடையில் உருகிக் கிடந்தது.
பழைய டிரம்மின் முன்கால்கள்
வெள்ளாட்டுக் கால் மாதிரி மெலிந்த கம்பிகள்.
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னால் போனது.
இழுக்கக் கை இல்லை:
இடது ஸ்நேரில், வலது ரைடில்.
மூன்றாம் சுற்றுக்குள்
சாக்கடை தாண்டுகிறவள் போல் கால் நீண்டுவிட்டது,
பெடலில் கட்டைவிரல் மட்டும்.

டெல்மர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தான்.
திரும்பவில்லை.
ஒரு எட்டு பின்னால் வைத்தான்.
பழுப்பு ஷூவின் குதிகால்
டிரம்மின் மரவளையத்தில் வந்து முட்டி நின்றது.

நின்றே இருந்தது.
நான் மிதித்த ஒவ்வொன்றும்
அவன் கால் எலும்பு வழியாக ஏறியிருக்க வேண்டும்.
அதற்குப் பிறகு அவன் சுரங்களைக் குறைத்துவிட்டான்.
நான் விட்ட இடத்தில் அவனும் விட்டான்.
பன்னிரண்டாவது அளவில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து
வளைத்து, வளைத்து வைத்துக்கொண்டே இருந்தான்.
கிராஷ் அடிக்கக் கை போனது. அடிக்கவில்லை.
ரைடின் வெட்டுப்பட்ட ஓரத்தைக் குச்சியால் தொட்டேன்.
மழைக்கு முன் தகரக் கூரை போல ஒரு மூச்சு.
பில்லியர்ட்ஸ் மேசையில் குனிந்திருந்தவன்
பந்தை அடிக்காமல் அப்படியே இருந்தான்.

ஆளுக்கு அறுபத்திரண்டு டாலர்.
அந்த நாற்பது வரவில்லை.
“ஒரு துண்டுக் கம்பளம் வாங்கிப் போடச் சொல் அவளை”
என்றான் வாண்டாவிடம்.
நான் வாண்டாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.
“அவன் காலைவிட மலிவாகக் கிடைத்தால் பார்க்கிறேன் என்று சொல்” என்றேன்.
வாண்டா யாரிடமும் எதுவும் சொல்லாமல்
கையுறையைத் தேடிப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மறுபடி பனி.
காலி வீதியில் விளக்கு விளக்காகத் தள்ளிக்கொண்டு போனேன்.
வலது கால்
ஆக்ஸிலேட்டரை இன்னும் எட்டி எட்டித்தான் மிதித்தது.